முட்டுப் பிரிக்கிற நாள்

நிமிர்த்தி வைத்து எதையாவது தாங்க விட்டால் எந்தக் கட்டையும் எங்கள் பக்கத்தில் முட்டுதான். குலை தள்ளிய வாழை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கவட்டைக் கம்பு ஒன்றை முட்டுக் கொடுப்பார்கள். மழையில் ஊறி வயிறு தள்ளிய சுவருக்குப் பனங்கட்டை முட்டு. தறிக் கொட்டகையில் தகரக் கூரை இறங்கிவிட்டால் ஆள் வந்து சரிசெய்யும் வரை கையில் கிடைத்த மூங்கில் முட்டு. அந்த மூங்கிலைச் சுற்றிப் போய்த்தான் தறிக்காரர் நூல் மாட்டுவார், வைதுகொண்டே.

தூண் வேறு, முட்டு வேறு. தூணுக்கு வீட்டில் பாத்தியதை உண்டு. வீட்டை விற்றால் தூணும் சேர்ந்துதான் போகும். முட்டு அப்படியில்லை. வந்த வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பது வருடம் ஆபீசில் கோப்பு எழுதியவள் நான். ஒரு சொல்லுக்கு இன்னதுதான் அர்த்தம் என்று தீர்த்து எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்தச் சொல்லை நான் சரியாகப் படித்தது ஆபீசில் இல்லை. என் வீட்டுப் பட்டாசலில் இருபத்தெட்டு முட்டு நின்றபோதுதான்.

பட்டாசல் என்று நாங்கள் சொல்வது வாசலை ஒட்டிய முன்கூடத்தை. எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் பழைய ஓட்டுக் கூரை. உத்தரத்தைக் கரையான் தின்று, காற்றடித்தால் தலையில் தூள் கொட்டியது. போன வருடம் மழைக்கு முன்னால் அதைப் பிரித்துக் கான்கிரீட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்ன, நான் முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் அப்போது எதற்கும் வாய் திறக்காமல் பின்னறைக் கட்டிலில் கிடந்தார். அதற்கு ஐந்து மாதம் முன்னால் அவருக்கு வாதம் வந்து இடது கையும் இடது காலும் இழுத்துவிட்டிருந்தது.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் கிளம்பிப் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக ராஜபாளையம் போகிற வண்டி. உட்கார்ந்து வேலை பார்த்தே அறியாத மனுஷன். கூட்டம் பிதுங்குகிற வண்டியில் கம்பிக்குக் கம்பி கை மாற்றி மாற்றிப் பின்படிக்கும் முன்படிக்கும் போய் வருவார். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நாங்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவோம். அவர் மட்டும் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால் நானும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தேன். எனக்கு வாசுதேவநல்லூரில் ஆபீஸ்.

அந்த வண்டியில் அவருக்கு நான் மனைவி இல்லை, பயணி. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று மரியாதையாக என்னையே விரட்டுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. ஆபீசிலிருந்து இறங்கி ஓடி வரும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுகிறேன், வண்டி பத்தடியில் நிற்கிறது, பின்படியில் நின்றபடி அவர் என்னைப் பார்க்கிறார். நன்றாகக் கண்ணுக்குக் கண் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி பிடித்து நனைந்த கோழியாக வீடு வந்து நான் ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும். "கண்டக்டர் பொண்டாட்டிக்காக வண்டி நின்னுச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுல்லா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்ததில்லை. நான் சொல்லும்போதெல்லாம் அவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்பார்.

அப்படிப்பட்டவர் கழிவறைக்குப் போக என் தோளைப் பிடிக்க வேண்டி வந்தது. சென்னையிலிருக்கும் மகள் அலுமினியத்தில் நாலு கால் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அவர் அதைத் தொடவேயில்லை. "அதைத் தள்ளிக்கிட்டுப் போனா ஐஸ் வண்டிக்காரன்னு நெனைப்பாங்க" என்றார். அதில் துண்டு காயப்போட்டோம். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் நல்ல பிள்ளையாகக் காலை நீட்டி மடக்குவார். அவள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருதரம் கழிவறை வாசலில் விழுந்தார். அடி பெரிதாக இல்லை, ஆனால் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. "கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்" என்று நான் மகளிடம் போனில் சொன்னால், "அப்பாவுக்கு முட்டுக் குடுக்காதம்மா, இப்ப நடக்கலன்னா அப்புறம் நடக்கவே மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்று கத்துவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தப்புக்குச் சப்பைக்கட்டுக் கட்டுவதை முட்டுக் கொடுப்பது என்கிறார்கள். அவள் சொன்னது சரிதான். எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர் சிவகிரிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஊரில் பாதிப் பேர் இரும்பு ஜாக்கிக்கு மாறிவிட்ட பிறகும் அவர் சவுக்குக் கட்டைதான் முட்டு வைப்பார். வரிசைக்கு ஏழு, நாலு வரிசை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் பலகைத் துண்டு, அதன் மேல் இரண்டு ஆப்பு. மேலே தகடு பரப்பி, கம்பி கட்டி, ஒரே நாளில் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். "மூணு வாரம் முட்டு நிக்கணும்க்கா. ஒரு கட்டையையும் தொட்டுராதீங்க, ஆப்பு கழண்டுச்சுன்னா வம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மாடியில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

பட்டாசல் சவுக்குத் தோப்பாகிவிட்டது. காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போவதற்குள் நாலு கட்டையில் இடித்துக்கொள்வேன். பின்வாசல் வழியாகப் போனால் தெருவையே சுற்றி வர வேண்டும். பின்னறையிலிருந்து தெருவாசலுக்குப் போக அந்தப் பட்டாசல்தான் நேர்ப்பாதை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளிப்படி வழியாக இறங்கி உள்ளே வருகிறேன். பட்டாசல் நடுவில் அவர் நிற்கிறார். கட்டிலில் இல்லை, சுவரில் சாயவில்லை. நாலாவது கட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டு, வேட்டி அவிழ்கிற நிலையில் நிற்கிறார். விழப்போகிறார் என்று ஒரு பயம், ஆப்பு கழன்று கூரை விழப்போகிறது என்று இன்னொரு பயம்.

"தொடாதீங்கன்னு சொல்லியிருக்காங்கல்லா!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத" என்றார். "சிவகிரி வந்துட்டு. இன்னும் மூணு ஸ்டாப்பு."

எனக்குப் புரியவில்லை. அவர் அடுத்த கட்டையைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார், உடம்பை ஒரு ஆட்டு ஆட்டி முன்னால் போட்டார், இடது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது, கை அடுத்த முட்டில் போய் விழுந்தது. "தேவதானம்." அப்புறம் சேத்தூர். அப்புறம் தெருவாசலை ஒட்டி நின்ற ஏழாவது கட்டை. "ராஜபாளையம். எல்லாரும் எறங்குங்க." வாசல் படியில் உட்கார்ந்து, முதல்தரம் பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளையாகச் சிரித்தார். வாய் கொஞ்சம் கோணித்தான் இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்புப் போதும். நான் அழுதேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

பின்னறை வாசலில் நிற்பது சங்கரன்கோவில், இரண்டாவது புளியங்குடி, மூன்றாவது வாசுதேவநல்லூர் என்று அவர் முதலிலேயே பேர் வைத்துவிட்டிருந்தார். கட்டிலில் கிடந்தபடி பத்து நாளாக அந்தக் கட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து காலை இரண்டு டிரிப், சாயங்காலம் இரண்டு டிரிப். வாசுதேவநல்லூரில் மட்டும் நான் எதிரே வந்தால், "டயமாச்சு, ரைட்" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டுப் போவார். என் வாயைக் கிளறுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குச் சந்தோஷம் முழுசாக இல்லை. சுவரில் மாட்டிய காலண்டரில் முட்டுப் பிரிக்கிற நாளை நானே வட்டம் போட்டு வைத்திருந்தேன். அது நெருங்க நெருங்க நாளுக்கு நாலு தடவை அந்த வட்டத்தைப் போய்ப் பார்த்தேன். கட்டை போய்விட்டால் இவர் எதைப் பிடித்து நடப்பார்? சுவரோரமாகப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறார். வாக்கரில் இன்னமும் துண்டுதான் காய்கிறது. மறுபடியும் கட்டிலில் படுத்தால் இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஆபீஸ் புத்தி என்ன செய்யும்? தள்ளிப்போடக் காரணம் தேடும். பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கான்கிரீட்டுல ஒரு ஓரத்துல கீறல் மாதிரி தெரியுது. தண்ணியும் கசியுது. இன்னும் ஒரு மாசம் முட்டு நிக்கட்டும்."

"என் வேலையில கீறலா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் ஆமாம் என்று சொன்னேன்.

அரைமணி நேரத்தில் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். மாடியில் ஏறித் தண்ணீரை வடித்துப் பார்த்தார், கீழே வந்து சுத்தியலால் தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. "எங்கனக்கா? காட்டுங்க, எங்கன?" நான் அந்த மூலை இந்த மூலை என்று கையைக் காட்டினேன். சுத்தியல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், அவளைப் பார்த்து எதிர்வீடு வந்தது. சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுக் கான்கிரீட் கீறல் விட்ட செய்தி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது.

பின்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒருவர் கிடக்கிறார் என்பதை நான் மறந்தே போனேன்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. "டிரிப் இல்லையா?" என்றேன். "கீறல் விட்ட கூரைக்கு அடியில என்ன டிரிப்பு" என்றார். அதோடு விடவில்லை. "நீயும் பட்டாசலுக்குப் போவாத. பின்வாசல் வழியா சுத்திப் போ. தலையில விழுந்துச்சுன்னா என்னால வந்து தூக்கக்கூட முடியாது" என்றார். மூன்று நாள் அப்படியே கிடந்தார். நான் பட்டாசலில் கால் வைத்தால், "ஏட்டி, வந்துரு, வந்துரு" என்று கட்டிலிலிருந்து கத்துவார். தன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் என் தலையைப் பற்றித்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அவரை நடக்க வைக்க ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய்யே அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டது.

நாலாம் நாள் தம்பி மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. "அக்கா, எனக்கு இனிமே தாங்காது. குருவிகுளத்துல ஒரு வீடு முட்டுக்காகக் காத்துக் கெடக்கு, மழை வேற கருக்கல் கட்டுது. நேத்து அந்த வீட்டுக்காரரு கேக்காரு, சங்கரன்கோவில்ல நீ போட்டது கீறிட்டாமேன்னு. இருபது வருசமா இந்த வேலை பாக்கேன், இப்பிடி ஒரு பேரு வாங்குனதில்ல" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரைப் பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நின்று சொன்னேன். "கீறலும் இல்ல, கசிவும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். கட்டைய எடுத்துட்டா இவுக நடக்க மாட்டாகன்னு பயந்துட்டேன்."

தம்பிக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "அதுக்கு என் பேரைக் கெடுக்கணுமாக்கா?" என்றார். "குருவிகுளத்துக்காரர் நம்பரைக் குடுங்க, இப்பவே பேசுதேன். இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம நானே போய்ச் சொல்லுதேன்" என்றேன். சொன்னபடியே அன்றைக்குச் சாயங்காலம் வீடு வீடாகப் போய் என் பொய்யை நானே திரும்பி வாங்கிக்கொண்டேன். ஆபீசில் முப்பது வருடம் அப்படி ஒரு தலைகுனிவு எனக்கு வந்ததில்லை. போனது சரியென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் அப்போது என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அடக்கமாட்டாத சிரிப்பு. "தம்பி, இவ என்னைக்கும் வண்டிய நிறுத்தப் பாக்குறவதான்" என்றார். பிறகு என் தோளைப் பிடிக்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, சங்கரன்கோவிலைப் பிடித்தார், புளியங்குடியைப் பிடித்தார். தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி நடக்காவளே!" என்றார். ஒவ்வொரு கட்டைக்கும் ஊர்ப்பேர் சொல்லக் கேட்டதும் அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்த ஒரு வரிசை நிக்கட்டும் அண்ணாச்சி. மத்தத எடுத்துக்கிடுதேன்" என்றார் தம்பி. மூன்று வரிசையும் தகடும் அன்றே குருவிகுளம் போயின. ஏழு கட்டை மட்டும் வெறும் கான்கிரீட்டை முட்டிக்கொண்டு நின்றது. கூரைக்கு அது தேவையே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே தம்பிக்குப் போன் போடச் சொன்னார். "இனிமே எக்ஸ்பிரஸ். நடுவுல மூணு ஸ்டாப்பத் தூக்கிரு. புளியங்குடி, சிவகிரி, சேத்தூர்."

"சிவகிரியத் தூக்குததா? எங்க ஊர்ல நிக்காத வண்டி என்ன வண்டி?" என்று தம்பி சண்டைக்கு வந்தார். கடைசியில் சிவகிரி தப்பியது, தேவதானம் போனது. அதனால் சிவகிரிக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஒன்பதடி வெறும் தரை ஆகிவிட்டது. முதல்நாள் நான் தெருவாசலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். நட்டநடுவில் தள்ளாடிக்கொண்டே, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று அதட்டினார். நான் உள்ளே போனேன். சமையல்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து "ராஜபாளையம்" என்று ஒரு குரல் வந்தது.

கடைசி நாலு கட்டையையும் தம்பி ஏற்றிக்கொண்டு போன அன்று பட்டாசல் இவ்வளவு பெரிதா என்று இருந்தது. தரையில் பலகை அழுத்திய ஏழு தடம் மட்டும் மிச்சம். அவர் வாசலில் நின்று லோடு ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். சாயங்கால டிரிப் இல்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டார். மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபோது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டாசலில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாத பட்டாசலில், மூன்றாவது தடத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். வலது கை தோளுக்கு மேலே உயர்ந்து, காற்றை விரல் மடக்கிப் பிடித்திருக்கிறது. இடது கால் நடுங்குகிறது. நெற்றியில் வியர்வை. ஆனாலும் அடுத்த அடி வைக்காமல் நிற்கிறார். அவருக்கு முடியவில்லை என்றுதான் நினைத்தேன்.

"என்னங்க, பிடிக்கட்டுமா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குக் கண் பார்த்தார்.

"வாசுதேவநல்லூர்" என்றார். "ஏட்டி, ஏறுதியா இல்லையா? எவ்வளவு நேரம்தான் வண்டி உனக்காக நிக்கும்?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் ஏறினேன்.